இணையத்தில் கூட்டுப் பணி: சில அனுபவங்கள், சில யோசனைகள்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

 

இணையத்தில் குழுவாக வேலை செய்வது பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். முடிந்தவரை அதைக் காப்பாற்றுகிறேன். நான் 1994-இல் இங்கே சிவில் முடித்தவன். கம்ப்யூட்டர் துறைக்காரன் அல்ல. முப்பது வருஷமாகக் கட்டடம், பாலம், தண்ணீர்த் தொட்டி என்று வெயிலில் அலைந்தவன். ஆகவே இந்தக் கருவிகளைச் செய்தவனாக என்னால் பேச முடியாது, பயன்படுத்துகிறவனாகத்தான் பேச முடியும். அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. சமைத்தவரைவிடச் சாப்பிடுகிறவருக்குத்தான் உப்புக் குறைவது சீக்கிரம் தெரியும்.

முதலில், இப்படிப்பட்ட கருவிகள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் கட்டினோம். வரைபடம் ஓர் ஊரில், கணக்கு இன்னோர் ஊரில், வேலை மூன்றாவது ஊரில். கம்பி வெட்டுகிற அளவுப் பட்டியலை எக்செல் தாளில் போட்டு, ஆறு பேர் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோப்பின் பெயர் முதலில் 'ஃபைனல்'. அப்புறம் 'ஃபைனல் 2'. அப்புறம் 'ஃபைனல் லேட்டஸ்ட்'. ஒரு தளத்தின் உயரம் 200 மில்லிமீட்டர் கூடியது. கணக்குப் பிரிவு உடனே பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டது. ஆனால் சைட்டில் இருந்தவர் அச்சடித்துக் கையில் வைத்திருந்தது 'ஃபைனல் 2'. அதைப் பார்த்து ஒரு தளத்துக்கான தூண் கம்பிகள் முழுவதையும் வெட்டிவிட்டார்கள். வெட்டின கம்பியை நீட்ட முடியுமா?

விசாரணை வைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால் ஆறு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கணக்கும் சரி, வரைபடமும் சரி, வெட்டினவர் அளவும் சரி. ஒரே விஷயத்துக்கு ஆறு பிரதி இருந்தது, அது ஒன்றுதான் கோளாறு. கடைசியில் பழி வந்து விழுந்தது, கூட்டத்திலேயே சம்பளம் குறைந்த கம்பி வேலை மேஸ்திரி தலையில். "சார், எங்கிட்ட குடுத்த பேப்பர்ல இருந்த அளவுதானே சார் வெட்டினேன்" என்று அவர் சொன்னதைக் காட்ட அவரிடம் ஓர் ஆதாரமும் இல்லை. அந்தப் பேப்பரை யார் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று எங்கேயும் பதிவாகவில்லை.

இந்த இரண்டு பிரச்சினைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரதிகள் பெருகுவது. இரண்டு, யார் என்ன செய்தார் என்பது தெரியாமல் போவது. இன்றைய இணையக் கருவிகள் எதை எடுத்தாலும், அடிப்படையில் இந்த இரண்டுக்கும் மருந்து தேடுகிறவைதான்.

ஆள் கூடினால் வேலை கூடுமா?

பத்துப் பேர் சேர்ந்தால் வேலை பத்து மடங்கு வேகமாக நடக்கும் என்று நினைக்கிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் இருந்தால் பேசிக்கொள்ள ஒரு வழி. ஐந்து பேர் என்றால் பத்து வழி. பத்துப் பேர் என்றால் 45 வழி. ஐம்பது பேர் என்றால் 1,225 வழி! ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட 'தி மிதிக்கல் மேன் மந்த்' என்ற புத்தகத்தில் இந்தக் கணக்கைத்தான் விளக்கினார். தாமதமாகிக்கொண்டிருக்கும் மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவருடைய அனுபவம்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. ஐம்பது பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒரே ஒரு பலகையில் எழுதிவிட்டு, எல்லோரும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டால்? 1,225 வழி ஐம்பது வழியாகக் குறைந்துவிடும். நம் ஹாஸ்டலில் மெஸ் கணக்கை எழுதி ஒட்டுவார்களே, அதே தத்துவம்தான். இணையத்தில் அந்தப் பலகையை எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

பலகை வந்த கதை

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். தொண்ணூறு நிமிஷம். 'மவுஸ்' என்று நாம் இன்று சொல்கிற கருவியை உலகம் பார்த்தது அன்றுதான். ஆனால் அதைவிட ஆச்சரியமான ஒன்றும் அந்த மேடையில் நடந்தது. சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த சகாவின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே, இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்து காட்டினார்கள். 2020-இல் கொரோனா வந்து நாம் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜூமில் செய்ததை, அவர்கள் ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

அடுத்து டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு வகைக் கணிப்பொறி, ஆளுக்கு ஓரிடத்தில் குறிப்புகள். அவற்றை இணைக்க 1989-இல் அவர் வைத்த யோசனைதான் பிற்பாடு உலக வலை ஆனது. 1990-இல் அவர் செய்த முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கலாம், அதிலேயே திருத்தி எழுதவும் செய்யலாம். பின்னால் பரவலான உலாவிகள் படிக்க மட்டும்தான் உதவின. எழுதும் வசதி நடுவழியில் விட்டுப்போயிற்று.

அதை மீட்டுக் கொடுத்தவர் வார்ட் கன்னிங்ஹாம். 1995 மார்ச்சில் 'விக்கி விக்கி வெப்' என்ற தளத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் 'சீக்கிரம்'. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடுகிற பஸ்ஸின் பெயர் 'விக்கி விக்கி'. அதைப் பார்த்து வைத்த பெயர் இது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2000-இல் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் இருவரும் 'நூபீடியா' என்ற கலைக்களஞ்சியத்தை ஆரம்பித்தார்கள். நிபுணர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டச் சோதனை நடக்க வேண்டும். சுத்தமான ஏற்பாடு. 2003-இல் அதை மூடுகிறவரை முழுச் சோதனையும் முடிந்து வெளிவந்த கட்டுரைகள் ஏறக்குறைய இருபத்தைந்துதான். அதற்குப் பக்கத்துணையாக, யாரும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15 அன்று 'விக்கிப்பீடியா'வைத் திறந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கே நம் பாலத்தை நிபுணர் அல்லாதவர் கட்டினால் நான் அந்த வழியாகப் போக மாட்டேன். முதலில் எழுதிவிட்டுப் பிறகு பலர் திருத்துவது ஒரு முறை, திருத்தம் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே காட்டுவது இன்னொரு முறை. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டு மலருக்கு முதல் முறை போதும். தூண் கணக்குக்கு இரண்டாவது முறைதான்.

தமிழில் நடந்தது

தமிழர்கள் இதில் பின்தங்கிவிடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோர் முன்னின்றார்கள். பழந்தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகக் கொடுப்பது நோக்கம். ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இருப்பவர் பிழை திருத்துவார். ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்கள் பலர். சம்பளம் கிடையாது. இன்று நீங்கள் போனில் சங்க இலக்கியத்தைத் தேடிப் படிக்க முடிகிறது என்றால், அதில் அந்தத் தன்னார்வலர்களின் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கலந்திருக்கிறது.

2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் ஆரம்ப வருஷங்களில் பெரும் உழைப்பைக் கொடுத்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். கட்டடத் துறைக்காரர் என்பதால் எனக்குக் கூடுதல் பாசம்! கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு ஞாபகம் இருக்கும். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். "என்ன ஃபாண்ட்ல அடிச்சீங்க?" என்று கேட்டு ஃபோன் போட வேண்டும். ஒருங்குறி பரவிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. எல்லோரும் ஒரே எழுத்து முறைக்கு வராமல் ஒரே தாளில் எழுத முடியாது அல்லவா?

ஒரே வரியை இரண்டு பேர் திருத்தினால்?

கூகுள் டாக்ஸ் போன்ற கருவியில் நான்கு பேர் ஒரே சமயத்தில் எழுதலாம் என்று மாணவர்களுக்குத் தெரியும். அது எப்படிக் குழம்பாமல் நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 'விழா காலை பத்து மணிக்கு' என்று ஒரு வரி. நீங்கள் முன்னால் 'ஆண்டு' என்று சேர்க்கிறீர்கள். அதே நொடியில் நான் மூன்றாவது சொல்லான 'பத்து' என்பதை 'பதினொரு' என்று மாற்றுகிறேன். உங்கள் சொல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இப்போது மூன்றாவது சொல் 'காலை'. என் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் 'ஆண்டு விழா பதினொரு பத்து மணிக்கு' என்று ஆகிவிடும்.

ஆகவே கருவி என்ன செய்கிறது? உங்கள் மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, என் கட்டளையை 'நான்காவது சொல்லை மாற்று' என்று தானாகத் திருத்திக்கொள்கிறது. உண்மையில் சொல் சொல்லாக அல்ல, எழுத்து எழுத்தாக இது நடக்கிறது. 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையை எழுதினார்கள். 2005-இல் 'ரைட்லி' என்ற உலாவி வழி எழுதும் கருவி வந்தது. அடுத்த வருஷம் கூகுள் அதை வாங்கியது. அதுதான் கூகுள் டாக்ஸுக்கு விதை.

என் கட்டளையைக் கருவி எப்படித் திருத்திக்கொள்கிறது பாருங்கள்! மற்றவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. மனிதர்களாகிய நாம் கமிட்டிக் கூட்டங்களில் இதைச் செய்கிறோமா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

வடம் பிடிப்பவர் எத்தனை, இழுப்பவர் எத்தனை?

இப்போது மாணவர்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன். தேர்த் திருவிழாவில் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்கள் எல்லோரும் இழுப்பதில்லை. மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதைச் சோதித்தே பார்த்தார். தனியாகக் கயிறு இழுக்கிறபோது ஒருவர் கொடுக்கும் பலத்தை அளந்தார். எட்டுப் பேராக இழுக்கும்போது, ஒருவருக்குச் சராசரியாகப் பாதி பலம்தான் தேறியது. 1913-இல் இது வெளியானது. பின்னால் அமெரிக்காவில் லத்தானே என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கைதட்டச் சொல்லியும் சத்தம் போடச் சொல்லியும் சோதித்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்தால் முயற்சி குறைகிறது என்று 1979-இல் எழுதினார்கள். 1981-இல் இன்னொன்றும் கண்டார்கள். 'உன் சத்தம் எவ்வளவு என்பது தனியாகத் தெரியும்' என்று சொல்லிவிட்டால், அந்தச் சுணக்கம் போய்விடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி. வேறொரு கல்லூரி. அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கடைசி வருஷ புராஜெக்டில் நான்கு பேர். மண் மாதிரி எடுத்தது, சோதனை செய்தது, அறிக்கை எழுதியது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பெண். ஆனால் பேசத் தயங்குவார். வைவாவில் இங்கிலீஷில் பொளந்துகட்டியவர் இன்னொருவர். குழுத் தலைவர் என்ற பெயரும் அவருக்கே போயிற்று. பரிந்துரைக் கடிதமும் அவருக்கே. "நான்தான் செஞ்சேன்னு எப்படிண்ணா சொல்றது? நாலு பேரும்தானே கையெழுத்துப் போட்டோம்" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அறிக்கை, பென் டிரைவில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்ப் போய் முடிந்த கோப்பு. அதற்கு வரலாறு கிடையாது.

அதே அறிக்கையை ஒரே இணைப்பில் வைத்து, நான்கு பேரும் அவரவர் சொந்தக் கணக்கில் நுழைந்து எழுதியிருந்தால், 'பதிப்பு வரலாறு' என்ற இடத்தில் எந்தப் பத்தியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எழுதினார் என்பது நிறம் நிறமாகத் தெரிந்திருக்கும். தங்கைகளே, தம்பிகளே, இதைக் கோள் சொல்வதற்கான ஏற்பாடாக நினைக்காதீர்கள். பேசத் தெரியாதவனுக்கு அது ஒரு சாட்சி. பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழு புராஜெக்டுக்கு மதிப்பெண் போடுமுன் அந்த வரலாற்றை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. அதிக வரி அடித்தவர்தான் அதிகம் உழைத்தவர் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் வெயிலில் நின்று அளவெடுத்து வந்தவர் டாக்ஸில் ஒரே ஓர் எண்ணைத்தான் எழுதியிருப்பார். ஆகவே திரையில் தெரியாத வேலையையும் எழுதி வையுங்கள். ஒரு சின்ன அட்டவணை போதும்: தேதி, வேலை, செய்தவர். லேப்டாப் இல்லாதவர்கள் போனிலேயே செய்யலாம். கோப்பை ஆஃப்லைனில் வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத ஊரில் எழுதியதும் பிறகு போய்ச் சேரும்.

ஆபத்துக் காலத்தில்

இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் 2015 டிசம்பரில் சென்னை பார்த்தது. வெள்ளம் புகுந்த தெருக்களை, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் மேல் ஜனங்களே குறித்தார்கள். யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், யாருக்குப் படகு வேண்டும் என்று பொது விரிதாள்களில் எழுதினார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது 'கேரளா ரெஸ்க்யூ' தளத்தைத் தன்னார்வலர்கள் கிட்ஹப்பில் நிரலைத் திறந்து வைத்துக் கூட்டாகக் கட்டினார்கள். அரசும் அதைப் பயன்படுத்தியது.

பலவீனம் என்ன? காப்பாற்றி முடித்த பிறகும் 'காப்பாற்றுங்கள்' என்ற செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கைமாறிப் போனபின் அதைத் திருத்த முடியாது. மறுபடியும் அந்த 'ஃபைனல் 2' கதைதான். பொதுத் தாளில் என்றால் அந்த வரிக்கு எதிரில் 'முடிந்தது, இத்தனை மணிக்கு' என்று ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுத ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவானது என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

திறந்த கதவு

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழை மாணவர்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பு. பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான். உதவித்தொகை விண்ணப்பங்களைக் கூட்டாகப் பரிசீலிக்க ஒரு விரிதாள் போட்டார்கள். பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, அப்பாவின் வருமானம், 'தாயார் கைவிடப்பட்டவர்' என்ற குறிப்பு வரை எல்லாம் அதில் இருந்தது. 'இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம்' என்று வைத்துவிட்டார்கள். இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து மாணவர்களுடைய குழுவுக்கே வந்துவிட்டது. ஒரு பையன் தன் வீட்டுக் கதையைத் தன் வகுப்புத் தோழர்கள் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவன் உதவித்தொகையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

பணம் கொடுக்கிறவர்கள் மானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும், நம் பிள்ளைகள் என்ற நினைப்பு இருந்தாலே போதும். நம் சங்கமும் உதவித்தொகை கொடுக்கிறது. பரிசீலிக்கிற மூன்று நான்கு பேரை மட்டும் பெயர் சொல்லிச் சேர்ப்போம். மற்றவர்கள் பார்க்கிற தாளில் வரிசை எண் மட்டும் இருக்கட்டும்.

சில நடைமுறை விதிகள்

பார்த்ததையும் பட்டதையும் சேர்த்து நான் கடைப்பிடிக்கிறவை இவை.

1. ஒரு வேலைக்கு ஒரே தாள், ஒரே இணைப்பு. கோப்பை அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள்.

2. எல்லோரும் அவரவர் கணக்கில் நுழைய வேண்டும். பெயரில்லாமல் திருத்தினால் வரலாற்றில் 'யாரோ' என்றுதான் பதிவாகும்.

3. அரட்டை வேறு, முடிவு வேறு. வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் முடிவானதை அன்றைக்கே பொதுத் தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, ஆயிரம் குட்மார்னிங்குக்கு நடுவில் அந்த முடிவைத் தேட முடியாது.

4. ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர், ஒரு தேதி. 'நாம் செய்வோம்' என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

5. மற்றவர் எழுதியதை அழிக்காதீர்கள். 'யோசனை' முறையில் திருத்தத்தைக் காட்டுங்கள், எழுதியவர் ஒப்புக்கொண்டால் மாறட்டும். அது மரியாதையும்கூட.

6. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று மாதம் ஒரு முறை பாருங்கள். வேலை முடிந்து விலகியவர்களின் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

7. வருஷம் ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இலவசமாக வந்த சேவை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. பல கல்லூரி நண்பர்கள் கூடியிருந்த யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரோடு முடிந்துபோயிற்று.

8. கோபம் வந்தால் எழுதாதீர்கள், ஃபோன் பண்ணுங்கள். எழுத்தில் குரல் கேட்காது.

ஒரு வேண்டுகோள்

கடைசியாக, நாம் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். நம் நூலகத்தில் பழைய ஆண்டு விழா, விளையாட்டு விழா, வகுப்புப் புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. போன மாதம் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெயரே இல்லை. வருஷமும் இல்லை. மூன்றாம் வரிசையில் நிற்பவர் யார், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று இந்த மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கூட உதவியாளர்கள், மெஸ் சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள்கூட அந்தப் படங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த மலரிலும் அச்சாகவில்லை.

மாணவர்கள் படங்களை ஸ்கேன் செய்து வரிசை எண் போடட்டும். ஒரு விரிதாள் திறப்போம். எண், வருஷம், நிகழ்ச்சி, நிற்பவர்கள் பெயர், சொன்னவர் பெயர், சொன்ன தேதி என்று ஆறே கட்டங்கள். ஒருவர் ஒரு பெயர் சொல்லி இன்னொருவர் வேறு பெயர் சொன்னால், இரண்டையும் எழுதிவைப்போம், அழிக்க வேண்டாம். போனில் தட்டத் தெரியாத பெரியவர்கள் வீட்டுக்கு ஒரு மாணவரும் ஒரு மாணவியுமாகப் போய், கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அவர்கள் பெயரும் தாளில் இருக்கும். இதை நேராக விக்கிப்பீடியாவில் போட முடியாது. ஏற்கெனவே வெளியான ஆதாரம் இருந்தால்தான் அங்கே எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. முதலில் நம் மலரில் அச்சாகட்டும்.

உணவு இடைவேளையில் நூலக வாசலில் இரண்டு மாணவர்கள் முதல் நாற்பது படங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்து ஊருக்குப் பஸ் பிடிக்குமுன் தயவுசெய்து அந்தப் பக்கம் ஐந்து நிமிஷம் போய்வாருங்கள். ஒரு முகமாவது உங்களுக்குத் தெரியாமலா போகும்?